ரீபர்பிஷ்ட் டெப் வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே ரீசெட் பண்ணிப் பாருங்கள்

வேலைக்கென்று சின்ன டெப் ஒன்று, அதிலும் ரீபர்பிஷ்ட் (பாவித்ததைப் புதுப்பித்தது) என்று சொல்லி விற்கிற ஐபேட் மினி வாங்குகிற யோசனையில் யாராவது இருந்தால் இதை முழுவதும் வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 72,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய சாமான் இப்போது ஒன்றுக்கும் உதவாமல் மேசையில் கிடக்கிறது. ஓன் பண்ணினால் வெள்ளைத் திரையில் நான் கேள்விப்பட்டே இராத வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர் வருகிறது, அந்தக் கம்பெனி கொடுத்த யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்கிறது.

நான் அலுமினியம் கதவு, ஜன்னல், பென்ட்ரி கபட் வேலைகளுக்கு அளவு எடுக்கிறவன். கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று நாள் முழுக்க சைட்டுகளில் ஏறி இறங்க வேண்டும். ஒரு கையில் அளவு டேப், மற்றக் கையில் பிளான், அந்தப் பிளானின் மேலேயே அளவைக் குறித்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் பெரிய டெப் சரிவராது. 2019இல் வந்த ஐந்தாவது மினியில், திரையில் எழுதுகிற ஆப்பிளின் முதலாம் தலைமுறைப் பென்சில் வேலை செய்யும், உள்ளங்கையில் நிற்கும், அதுதான் தோது. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் பம்பலப்பிட்டிப் பக்கம் ரீபர்பிஷ்ட் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை, விஷயம் முறைப்பாட்டில் இருக்கிறது.

கடையில் எல்லாம் ஒழுங்காகத்தான் காட்டினார்கள். கவுண்டரில் நின்ற பையன் கெமராவைத் திறந்து காட்டினான், சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினான், பென்சிலைத் தந்து கீறிப் பார்க்கச் சொன்னான். டெம்பர்ட் கிளாஸ் ஏற்கெனவே ஒட்டியிருந்தது, கறுப்புக் கவர் ஒன்றும் இலவசமாகப் போட்டே தந்தார்கள். "செட் பண்ணித்தான் வச்சிருக்கோம் அண்ணா, நீங்க உங்க ஆப்பிள் ஐடியப் போட்டா சரி" என்றான். கிளம்பும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டு, "ரீசெட் மட்டும் பண்ணிறாதீங்க, பழைய செட்டுதானே, ஸ்லோவாயிரும்" என்று சொன்னார். அக்கறையில் சொல்வது போலத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கொஞ்ச காலம் நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் பெரிய பிளான் ஒன்றைத் திறந்தால் ஆப் மூடிக்கொள்ளத் தொடங்கியது. ஒபிசில் கணனி பார்க்கிற தம்பி, எல்லாவற்றையும் பெக்கப் எடுத்துவிட்டு ஒருதரம் ரீசெட் பண்ணி, சுத்தமாக அழித்து எடுத்தால் சரியாகும் என்றான். சரியான யோசனைதான், எந்த டெப்புக்கும் எல்லாரும் செய்வது. அழித்தோம். மொழி கேட்டது, நாடு கேட்டது, வைஃபை கேட்டது. வைஃபை போட்டதும் வந்து நின்றது 'ரிமோட் மனேஜ்மென்ட்' என்ற அந்தத் திரை. அதைத் தாண்டிப் போக வழியே இல்லை.

இது என்ன என்று தேடி, தெரிந்த இரண்டொரு ரிப்பெயார்காரரிடமும் கேட்டு விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். வெளிநாடுகளில் கம்பெனிகளும் பள்ளிக்கூடங்களும் ஐபேடுகளை மொத்தமாக வாங்கும்போது ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் ஆப்பிளின் சேர்வரில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகிறது. ஐபேடை அழித்துப் புதிதாக செட் பண்ணுகிற ஒவ்வொரு முறையும் அது இன்டர்நெட்டில் ஆப்பிளிடம் போய் 'நான் யாருடையவன்' என்று கேட்கிறது, பதிவு இருந்தால் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. பூட்டு டெப்புக்குள் இல்லை, சேர்வரில் இருக்கிறது. அதனால்தான் இங்கே யார் என்ன செய்தாலும் நிரந்தரமாகக் கழற்ற முடியாது, அந்த நிறுவனமே தன் பட்டியலில் இருந்து சீரியல் நம்பரை நீக்கிவிட வேண்டும். பழைய சாமானைக் கழிக்கும்போது இதைச் செய்ய மறந்துவிடுகிற நிறுவனங்கள் உண்டு. களவு போனதாகவும் இருக்கலாம். எதுவானாலும் பூட்டோடு இருப்பது மலிவு, அதை வாங்கி, அந்தத் திரையை மட்டும் தாண்ட வைக்கிற சொப்ட்வெயார் ஒன்றைப் போட்டு, முழு விலைக்கு நம் தலையில் கட்டுகிறார்கள். அடுத்த ரீசெட் வரைக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. கெமரா, ஸ்பீக்கர், பென்சில் எல்லாம் வேலை செய்யும். கவுண்டரில் காட்டுகிற எந்தச் சோதனையிலும் இது பிடிபடாது.

பிறகு இலவசக் கவரைக் கழற்றிப் பார்த்தேன். முதுகுப் பக்கத்தின் கீழ் மூலையில் நீள்சதுரமாக ஸ்டிக்கர் உரித்த தடம், விளிம்பில் விரல் வைத்தால் இன்னும் பிசுபிசுக்கிறது. கம்பெனிச் சாமான்களில் ஒட்டுகிற இலக்க ஸ்டிக்கர் இருந்த இடம் அது. கவர் எதற்கு இலவசம் என்று அப்போதுதான் விளங்கியது.

கடைக்குப் போனேன். முதலாளி முகம் மாறிவிட்டது. செக்கிங் வொரண்டி முடிந்துவிட்டது, ரீசெட் பண்ணவேண்டாம் என்று சொல்லித்தானே தந்தோம், சொப்ட்வெயார் பிழைக்கு வொரண்டி இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் விடாமல் நிற்கவும், 12,000 ரூபாய் தந்தால் திரும்ப அன்லொக் பண்ணித் தரலாம் என்றார். அதாவது அதே சொப்ட்வெயாரைத் திரும்பப் போடுவார், அடுத்த ரீசெட்டில் நான் திரும்ப இதே இடத்துக்கு வருவேன். பூட்டிய சாமானை விற்றுவிட்டு, திறப்பதற்கும் என்னிடமே காசு கேட்கிறார். பக்கத்தில் இன்னொரு குடும்பம் மகளின் ஒன்லைன் வகுப்புக்கென்று டெப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களிடம் எல்லாவற்றையும் உரத்துச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆகவே காசு கொடுக்க முன்னர் கடையிலேயே, உங்கள் கண் முன்னால், செட்டிங்ஸில் போய் முழுவதையும் அழிக்கச் சொல்லுங்கள். வைஃபை போட்டு, முகப்புத் திரை வரும்வரைக்கும் நில்லுங்கள். வைஃபை இல்லை என்றால் உங்கள் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் கொடுங்கள். இந்த ஒரு சோதனையில் கம்பெனிப் பூட்டும் தெரியும், பழைய ஆளின் ஆப்பிள் ஐடி கழற்றப்படாமல் இருந்தால் அதுவும் தெரியும். சாம்சங் போன்ற அண்ட்ரொய்ட் டெப்புக்கும் இதையே செய்யலாம், கம்பெனிப் பூட்டும் பழைய கூகுள் கணக்கின் பூட்டும் அதிலும் உண்டு. நேரம் எடுக்கும் என்று சொல்வார்கள். எடுக்கட்டும். ரீசெட் பண்ண விடமாட்டோம் என்றால் அந்தக் கடையில் வாங்கவே வேண்டாம்.

'ரீபர்பிஷ்ட்' என்ற பேச்சையும் ஒருதரம் சோதித்துப் பாருங்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட், அதில் மொடல் நம்பரின் முதல் எழுத்து எஃப் என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது, எம் என்றால் புதிதாகக் கடையில் விற்றது, என் என்றால் பழுதான ஒன்றுக்கு மாற்றாகக் கொடுத்தது. என்னுடையது எம். ஆப்பிள் புதுப்பித்த சாமான் என்று கடையில் சொன்னதெல்லாம் பொய், யாரோ துடைத்து கிளாஸ் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே வரியைத் தொட்டால் ஏ என்று தொடங்கும் இலக்கம் வரும். வைஃபை மட்டும் உள்ள ஐந்தாவது மினிக்கு அது ஏ2133. ஏ1538 என்று வந்தால் அது 2015இன் நான்காவது மினி. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பென்சில் வேலை செய்யாது, ஐபேட்ஓஎஸ் 15க்கு மேல் போகாது. விளம்பரத்தில் 'ஐபேட் மினி' என்று மட்டும் போட்டிருந்தால் கட்டாயம் இதைப் பாருங்கள்.

சிம் போடுகிற டெப் என்றால் ஐஎம்இஐ என்ற அதன் தனி அடையாள இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கலாம். அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சேவை, நல்ல விஷயம். ஆனால் அங்கே சரி என்று பதில் வந்தாலும் கம்பெனிப் பூட்டு இல்லை என்று அர்த்தமில்லை, அது வேறு, இது வேறு.

பில்லைப் பற்றி. என் பில்லில் 'டெப் 1' என்றும் விலையும் மட்டும்தான் இருக்கிறது, மொடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை, கீழே 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று சீல். இப்படிப்பட்ட பில் கடைக்காரருக்குத்தான் வசதி, நாளைக்கு இது எங்கள் சாமானே இல்லை என்றுகூடச் சொல்லலாம். மொடல், சீரியல் நம்பர், 'கம்பெனிப் பூட்டு, கணக்குப் பூட்டு எதுவும் இல்லை' என்ற வசனம், இவ்வளவையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை.

ஏமாந்தவர்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. அதே சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால்தான் இன்றைக்கு வா நாளைக்கு வா என்று கடைக்காரர் இழுத்தடிக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். நான் பில்லின் பிரதி, அந்த வெள்ளைத் திரையின் படம், செட்டிங்ஸில் பார்த்த விபரம், 12,000 ரூபாய் கேட்ட வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இணைத்து, தமிழில்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை, கடைக்காரர் பணமும் தரவில்லை. அந்தக் கடிதத்தின் பிரதி யாருக்காவது உதவும் என்றால் கேளுங்கள், என் பெயரையும் கடைப் பெயரையும் எடுத்துவிட்டு அனுப்பிவைக்கிறேன்.