தலையில் ஸ்டேப்பிள் பின் இருக்கும்போது குளிக்க: கை ஷவருக்கு நாலரை நட்சத்திரம், தொப்பிக்கு இரண்டு

அலமாரிக் கதவின் முனை இடித்து அம்மாவுக்குத் தலை உடைந்துவிட்டது. தையலுக்குப் பதிலாக ஸ்டேப்பிள் பின் போட்டு அனுப்பினார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், தலைக்குக் குளிக்காமல் இருப்பதுதான் அவருக்கு ஆகவில்லை. அதற்காக வாங்கிய மூன்று பொருள்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் குளியல் தொப்பி. 48 மணி நேரம் காயம் நனையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அதுவரை உடம்புக்கு மட்டும் குளிக்க இது வேண்டியிருந்தது. சாதாரண அளவில் எலாஸ்டிக் சரியாகப் பின்கள் மேலேயே உட்காருகிறது, கழற்றும்போது மாட்டி இழுக்கிறது. பெரிய அளவு என்றால் நெற்றிக்கும் பிடரிக்கும் இறங்கிவிடும். அதையும் குளித்தவுடன் எடுத்துவிட வேண்டும், உள்ளே வேர்த்துக் காயம் ஊறிவிடும்.

அடுத்தது தண்ணீரே தேவைப்படாத ஷாம்பூ தொப்பி. தலையில் மாட்டி, மேலாக நன்றாகப் பிசைய வேண்டுமாம். பின் போட்ட தலையைப் பிசைவதா! படுக்கையில் இருப்பவர்களுக்கு நல்ல பொருள்தான், எங்களுக்கு உதவவில்லை.

கை ஷவர்தான் காசுக்கு வேலை செய்தது. கைப்பிடியிலேயே தண்ணீரை நிறுத்தும் பொத்தானும் மெல்லிய தாரை வரும் அமைப்பும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சுவர் ஷவரின் வேகம் காயத்துக்கு நேராக விழக்கூடாது.

அம்மாவுக்கு அடர்த்தியான முடி. காய்ந்த ரத்தம் முடிக்கற்றையையும் பின்னையும் சேர்த்து ஒட்டி வைத்திருந்தது. நகத்தால் சுரண்டக் கை பரபரக்கும், சுரண்டக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரைக் காயத்துக்கு மேல்பக்கமிருந்து வழியவிட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் கட்டி தானாக இளகி, தண்ணீர் பழுப்பாக இறங்கும். அப்புறம் குழந்தைகளுக்கான ஷாம்பூவை உள்ளங்கையில் நுரையாக்கி, விரல் நுனியால் சுற்றிலும் தடவினேன். காயத்தின் மேல் நுரை ஓடினால் போதும், தேய்க்க வேண்டாம். ஷாம்பூ தங்காமல் அலசிவிட்டு, சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தோம். சூடான டிரையர் வேண்டாம். சீப்பைக் காயத்துக்குக் கீழேயிருந்துதான் ஓட்ட வேண்டும், பல் ஒன்று பின்னில் மாட்டினால் உயிர் போகும்.

தலையில் அடிபட்டவருக்குத் திடீரென்று தலை சுற்றலாம். அதனால் ஸ்டூலில் உட்கார வைத்தேன், குளியலறைக் கதவைத் தாழ் போடவில்லை. "நான் என்ன குழந்தையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தலையில் போட்ட பின்களைப் பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் எடுத்துவிடுவார்கள். அதுவரை தொட்டியில் தலையை முக்குவது, நீச்சல், முடிச்சாயம் மூன்றும் கிடையாது. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ குளியலை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

ஷவரில் ஒரே குறை, அதோடு வந்த ஒட்டுக் கொக்கி. ஈரச் சுவரில் நிற்கவே இல்லை, ஷாம்பூ போடும் நேரம் பார்த்துக் கழன்று விழுந்தது. திருகு போட்டு மாட்டும் கொக்கியைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. அரை நட்சத்திரம் அதற்குத்தான் போனது.