லித்தியம் பேட்டரி செல் மேல் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எனக்கு 5,400 ரூபாய் போச்சு

சென்னை ரிச்சி தெருப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 5,400 ரூபாய் போட்டு வாங்கின சாமானில் பாதிக்கு மேல் டூப். கடையின் பெயரை எழுதவில்லை. மாடிப்படி ஏறிப் போகிற சின்ன உதிரிபாகக் கடை, அவ்வளவுதான். அந்தத் தெருவில் நல்ல கடைகளும் நிறைய உண்டு, அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டாம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் ஆண்டு விழா நாடகத்தில் அக்கா மகள்தான் மந்திரவாதி. மந்திரக்கோலும் அங்கியும் மாமா செய்து தருகிறேன் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது. கோலைச் சாய்த்தால் நீல வெளிச்சம் கீழிருந்து மேலே ஓட வேண்டும், தரையில் தட்டினால் இடிச் சத்தத்தோடு வெள்ளையாக மின்ன வேண்டும், அங்கியின் ஓரத்திலும் விளக்கு வேண்டும். பார்க்கத்தான் பெரிய வித்தை, உள்ளே இருப்பது எல்லாவற்றையும் இயக்குகிற ஆர்டுயினோ நானோ என்ற குட்டி போர்டு, அசைவைப் பிடிக்க எம்பியு 6050 சென்சார், சத்தத்துக்கு மெமரி கார்டு போடுகிற குட்டி எம்பி3 போர்டு, ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியாக எரிய வைக்க முடிகிற டபிள்யூஎஸ் 2812பி எல்இடி ஸ்ட்ரிப், 18650 என்ற அளவில் வருகிற லித்தியம் பேட்டரி செல். கோலுக்கு பிவிசி பைப். உச்சியில் ஓட்டை போட்ட டேபிள் டென்னிஸ் பந்து, உள்ளே எல்இடியை வைத்தால் வெளிச்சம் சீராகப் பரவும். அங்கி ஒரு வக்கீல் நண்பரின் பழைய கவுன். (கேஸ் போடுவதானாலும் அவரிடம்தான் போக வேண்டும்.)

கடைக்காரர் பேச்சு இருக்கிறதே! "பாப்பாவுக்கா தம்பி? அப்ப சாதா செல் வேணாம், நல்லதா தரேன்" என்றார். டீ வாங்கி வரச் சொன்னார். ஸ்ட்ரிப்பை டெஸ்டரில் மாட்டி, ஒவ்வொரு எல்இடியும் தனித்தனி நிறத்தில் ஓடுவதைக் காட்டினார். நான் கேட்டது அதேதான். அதைப் பார்த்த பிறகு என்ன சந்தேகம் வரும்? பையனைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து "புது ரோல்" எடுத்துவரச் சொன்னார். வெள்ளி நிறக் கவரில் சீல் வைத்து வந்தது. பிரிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க பிரிக்காதீங்க தம்பி, ஸ்டாட்டிக் அடிச்சா ஐசி போயிடும். வீட்ல போய் பொறுமையா பிரிங்க."

ஸ்டாட்டிக்கில், அதாவது உடம்பில் சேருகிற நிலைமின்சாரத்தில், ஐசி (சிப்) போகும் என்பது பொய்யில்லை. அதுதான் எரிச்சல். உண்மையை வைத்தே ஏமாற்றியிருக்கிறார்.

5 மீட்டர் ரோல் 1,900, ஆறு செல் 2,100, மற்ற சில்லறைச் சாமான் 1,400. மொத்தம் 5,400 ரூபாய். பில் கேட்டதற்கு, புத்தகம் தீர்ந்துவிட்டது, வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றார். கையில் தந்தது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு.

ராத்திரி கவரைப் பிரித்தால் ஸ்ட்ரிப் முனையில் ஒயர் ஒட்டுகிற பட்டை நான்கு, அதில் 12வி (12 வோல்ட்), ஜி, ஆர், பி (பச்சை, சிவப்பு, நீலம்) என்று எழுத்து. பழகினவர்களுக்குப் பார்த்ததும் புரியும். 2812பி-யில் 5 வோல்ட், டேட்டா, கிரவுண்ட் என்று மூன்றுதான் இருக்கும், டேட்டா போகிற திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். இது மொத்த ஸ்ட்ரிப்பும் ஒரே நிறத்தில் எரிகிற, ஃபால்ஸ் சீலிங்கில் ஒட்டுகிற சரக்கு. வெளிச்சம் ஓடவே ஓடாது.

செல் விவகாரம் இதைவிட மோசம். மேலே 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்று போட்டிருக்கிறது. 18650 அளவில் நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் வரும். சமையலறைத் தராசில் வைத்தேன், 27 கிராம். நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். பக்கத்து பிளாக்கில் இருக்கும் நண்பர் செல் டெஸ்டரில் போட்டுப் பார்த்தார், 700 எம்ஏஎச்-கூடத் தொடவில்லை. சார்ஜ் ஏற்றும்போது ஒன்று கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டது. இதைத்தான் பாப்பாவின் அங்கிக்குள், இடுப்புப் பக்கம் வைத்துத் தைப்பதாக இருந்தோம். "பாப்பாவுக்கா தம்பி" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த ஆள் இதைக் கொடுத்தார்.

போன் செய்தேன். "நீங்க தப்பா கனெக்ஷன் குடுத்து எரிச்சிருப்பீங்க" என்றார். 12வி என்ற எழுத்து எரிந்தா வரும்? போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் மட்டும் வந்தது. நேரில் போனால், டீ வாங்கித் தந்த அதே ஆள், "நான் ஸ்டாஃப்தான் சார், ஓனர் வரட்டும்" என்கிறார். மறுபடி போனால் ஓனர் ஊரில் இல்லை. கடைசியில் சுவரில் ஒட்டியிருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" போர்டைக் காட்டினார். பில்லைக் கேட்டால், "எஸ்டிமேட் குடுத்தோம்ல?"

அந்த போர்டைப் பார்த்து யாரும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், பழுதான சாமானைத் திரும்ப வாங்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறைதான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் திருப்பித் தர 30 நாள் கணக்கு. வக்கீல் நண்பர் சொன்னது இது. ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் கிடையாதாம்.

விழாவுக்கு நேரமில்லை, வேறு கடையில் பில்லோடு ஒரு மீட்டர் ஸ்ட்ரிப் வாங்கி ஒப்பேற்றிவிட்டோம். அங்கிக்கு விளக்கு இல்லை. பாப்பா கேட்டாள், கரண்ட் கட் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. டெஸ்டரில் காட்டின ரோலையே கையில் வாங்குங்கள், உள்ளேயிருந்து வருவதை வாங்காதீர்கள். சீல் கவரை அங்கேயே பிரித்து மூன்று பட்டையா நான்கா என்று எண்ணுங்கள். செல்லை எடை போடாமல் வாங்காதீர்கள், 4000-க்கு மேல் எழுதியிருந்தால் எடைகூட வேண்டாம், வந்துவிடுங்கள். ஜிபேயில் கடைப் பெயர் வராமல் யாரோ ஒருவர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. அப்புறம், சுட்ட செல்லை வீட்டுக்குள் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். இரண்டு செல்லை மட்டும் ஆதாரத்துக்காக மணல் நிரப்பின பக்கெட்டில் பால்கனியில் வைத்திருக்கிறேன். 5,400 ரூபாயை விடுவதாக இல்லை.