மூடியுள்ள சிலிக்கோன் தட்டு: பிள்ளையின் சாப்பாட்டை உறைய வைக்க வாங்கலாமா?

ஆறு மாதம் முடிந்து பிள்ளைக்கு மேலதிக உணவு தொடங்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி விசாரிக்கப்படும் சாமான் இது: குழி குழியாக, மேலே மூடியோடு வரும் சிலிக்கோன் தட்டு. மசித்த மரக்கறியையும் மீனையும் குழிகளில் நிரப்பி உறைய வைத்து, வேண்டியபோது ஒன்றிரண்டு கட்டியை எடுத்துச் சூடாக்கிக் கொடுப்பதுதான் வேலை. விலை சாதாரண பிளாஸ்டிக் ஐஸ் தட்டைப் போலப் பல மடங்கு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிறீசர் நல்லதென்றால் வாங்கலாம். பிறீசர் சரியில்லை என்றால் அந்தக் காசுக்கு நல்ல மீன் வாங்கி அன்றன்று அவித்துக் கொடுப்பதே மேல்.

அதனால் தட்டைப் பார்க்க முன் பிறீசரின் கதவைப் பாருங்கள். நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் -6 பாகை செல்சியஸ், இரண்டு என்றால் -12, மூன்று என்றால் -18. ஒரு நட்சத்திரப் பெட்டியில் சமைத்த உணவை ஒரு கிழமைக்கு மேல் வைக்க முடியாது. இரண்டு நட்சத்திரத்தில் ஒரு மாதம் வரை போகலாம். மூன்று நட்சத்திரத்தில் மரக்கறி, பருப்பு இரண்டும் மூன்று மாதம் தாங்கும், ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவது ருசிக்கு நல்லது. மீனும் இறைச்சியும் மூன்று நட்சத்திரத்திலும் ஒரு மாதம், மிஞ்சிப் போனால் இரண்டு. பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டியில் குறியே இல்லையென்றால் ஐஸ்கிறீம் வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க வைத்தும் கரண்டி சுலபமாக இறங்கினால், அது பிள்ளைச் சாப்பாடு சேமிக்கும் இடமில்லை.

இனித் தட்டு. கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது: குழிக்கு 30 மில்லிலீற்றர் அளவில் பிடிப்பவை, 60 முதல் 75 வரை பிடிப்பவை. பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், மேசைக்கரண்டியால் தண்ணீர் விட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கொண்டால் 30 மில்லிலீற்றர். ஆறு மாதப் பிள்ளை ஒரு நேரத்துக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, மெல்ல மெல்ல 250 மில்லிலீற்றர்க் கோப்பையில் பாதிக்கு வரும். அந்தப் பாதியிலும் சோறுதான் பெரும்பங்கு என்பதால் மிச்சத்துக்கு இரண்டு சின்னக் கட்டி போதும். 75 மில்லிலீற்றர்க் குழியில் உறைந்ததைப் பாதியாக உடைக்க முடியாது, உருக்கிய மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது. ஆகவே சின்னக் குழியையே எடுங்கள்.

சிலிக்கோனின் நல்ல குணம், கடும் குளிரிலும் வளைந்து கொடுப்பது. அடியில் பெருவிரலால் அமத்தினால் கட்டி வெளியே வந்துவிடும். கெட்ட குணமும் அதே வளைவுதான்: நிரப்பிய தட்டை இரண்டு கையாலும் தூக்கினாலும் நடுவில் தொய்ந்து பக்கத்துக் குழிக்குள் வழியும். முதலில் ஒரு தட்டையான எவர்சில்வர்த் தட்டத்தில் வைத்து, அதற்குப் பிறகு நிரப்பி, தட்டத்தோடே பிறீசருக்குள் தள்ள வேண்டும். மூடி எதனால் செய்தது என்றும் பாருங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் மூடி குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது, உறைந்தவுடனே இழுத்துத் திறந்தால் ஓரம் வெடிக்கும். மூடியும் சிலிக்கோன் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

சிலிக்கோன் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். மீன் போட்ட தட்டில் அடுத்த கிழமை மாம்பழம் போட்டால் மாம்பழத்திலும் மீன் வாசம் வரும். ஆகவே ஒரு தட்டு மீனுக்கென்றே ஒதுங்கிவிடும். அந்த வேலைக்குச் சிலிக்கோன் வாங்க வேண்டியதில்லை, மலிவான பிளாஸ்டிக் ஐஸ் தட்டை சிப் (zip) பைக்குள் நுழைத்து மூடினால் போதும். கரட்டும் மஞ்சளும் விடும் செம்மஞ்சள் கறைக்குச் சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கழுவி வெயிலில் காய வையுங்கள், நிறம் தானாக மங்கும். வெயிலுக்குத் திருகோணமலையில் பஞ்சமில்லை.

தட்டை வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியம் சோறும் பருப்பும் சேர்த்து மசித்து உறைய வைப்பது. அது வேண்டாம். கூழாக்கிய சோறு குளிரில் இறுகி நீரைக் கக்கிவிடும், உருக்கினால் மணல் மணலாக நாக்கில் படும், பிள்ளை துப்பும். சோறு வெளியில் கிடந்து ஆறினால் வேறொரு ஆபத்தும் உண்டு. அரிசியில் இருக்கும் சிலவகைக் கிருமி வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது, சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எப்படியும் வீட்டில் தினம் உலை வைக்கிறோம். சோறு அன்றன்று, கறி மட்டும் கட்டியாக. இந்தத் தட்டின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது.

நன்றாக உறைவதில் முதலிடம் பூசணிக்கு. அரைக் கிலோ பூசணியில் தோலும் விதையும் போக ஏறக்குறைய 350 கிராம் மிஞ்சும். தண்ணீரில் அவிக்காமல் ஆவியில் 15 நிமிடம் வைத்தால் நீர் கோர்க்காது. மசித்தால் 30 மில்லிலீற்றர்க் குழியில் பத்துக் கட்டி வரும். பருப்பு 100 கிராமுக்குத் தண்ணீர் 300 மில்லிலீற்றர், குழைய வெந்ததும் அதுவும் ஒன்பது, பத்துக் கட்டி. வீட்டுக் கறியிலிருந்தே எடுக்கலாம், ஆனால் உப்பு, கொச்சிக்காய், தாளிதம் சேர முன் பிள்ளையின் பங்கைப் பிரித்துவிட வேண்டும். தேங்காய்ப்பாலும் அப்படியே: உறைந்து உருகினால் திரிந்து நிற்கும், கொடுக்கும் நேரம் புதிதாகச் சேருங்கள். முருங்கையிலையைத் தனியாக அரைத்தால் நார்தான் மிஞ்சும். காம்பு நீக்கி, பருப்பு வேகும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டுச் சேர்த்து அரைத்தால் வழுவழுப்பாக வரும்.

உருளைக்கிழங்கு தட்டுக்குள் போகக்கூடாத சாமான். பிளெண்டரில் அடித்தால் பசையாகும், உறைந்தால் நீர் பிரியும். வாழைப்பழமும் அவகாடோவும் கறுத்துப் போகும், அவற்றை முள்ளுக்கரண்டியால் அந்த நேரத்திலேயே மசிக்க ஒரு நிமிடம்தான். பப்பாசியையும் அப்படியே மசித்துக் கொடுக்கலாம். தேன் உறைந்ததோ உறையாததோ, ஒரு வயது வரை எதிலும் சேர்க்கக் கூடாது.

திருகோணமலையில் இந்தத் தட்டை வாங்க உண்மையான காரணம் மீன். மாரியில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் மீன் குறையும், விலை ஏறும். அதற்குக் கொஞ்சம் முன்னதாக ஒரு மாதத்துக்கான கட்டியைச் செய்து வைக்கலாம். விளைமீன், பாரை போன்ற வெள்ளைச் சதை மீன் நல்லது. சூரை, கும்பிளா வாங்கினால் கவனம் கூட வேண்டும். இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும், வாய்ச் சிவப்பு, தடிப்பு, வாந்தி வரும். அவித்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. எனவே இந்த இரண்டையும் காலையில், ஐஸில் இருந்ததை மட்டும் வாங்குங்கள். சுறா வறை தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய மீனில் பாதரசம் அதிகம் என்பதால் பிள்ளையின் தட்டுக்கு அது வேண்டாம்.

முள் நீக்கிய 200 கிராம் மீனை ஆவியில் பத்து நிமிடம் வேக வையுங்கள். ஆறியதும் சதையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் துண்டு துண்டாக உரசி முள் தேட வேண்டும். பிளெண்டர் முள்ளை ஒழிக்காது, ஊசியாக நொறுக்கும், அதன் பிறகு கைக்கு அகப்படாது. இரண்டு தடவை தேடிய பிறகு மூன்று மேசைக்கரண்டி வெந்த நீர் விட்டு மசியுங்கள். மீனை முதல் தடவை கொடுக்கும்போது கட்டியாகக் கொடுக்காமல் புதிதாகச் சமைத்துச் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்ட பிறகுதான் மொத்தமாக உறைய வைப்பது. முட்டைக்கும் இதே ஒழுங்கு.

எல்லாம் சரியாகச் செய்தும் பலர் கோட்டை விடும் இடம் ஆற வைப்பது. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிருக்குள் கொண்டுபோக வேண்டும் என்பது பொது விதி. 32 பாகைக்கு மேல் வெக்கை என்றால் அது ஒரு மணித்தியாலமாகக் குறையும். கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் இங்கே சமையலறை அதைத் தாண்டித்தான் நிற்கும், மேசையில் மூடி வைத்தால் ஆறவே ஆறாது. ஒரு பேசினில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு, பாத்திரத்தை அதில் இறக்கி, சுத்தமான கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் கைக்குச் சூடு தெரியாமல் வந்ததும் தட்டில் நிரப்பலாம். சூட்டோடு உள்ளே வைத்தால் பக்கத்தில் உறைந்திருந்த கட்டிகளும் இளகும். குழியை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துங்கள், தண்ணீர் உறையும்போது விரிந்து மூடியைத் தூக்கும்.

இரவு முழுக்க உறைந்ததும் கட்டிகளை சிப் பைக்கு மாற்றி, காற்றை அமத்தி வெளியேற்றி, பெயரும் திகதியும் எழுதுங்கள். பேனை ஈரத்தில் கலங்கும், அழியா மை மார்க்கர் நல்லது. தட்டிலேயே விட்டு வைத்தால் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்துவிடும், தட்டும் அடுத்த சமையலுக்குக் கிடைக்காது.

கொடுக்கும் முதல் நாள் இரவு வேண்டிய கட்டியை மூடிய கிண்ணத்தில் பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள், 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். மறந்துவிட்டால் நேரே சின்னச் சட்டியில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோடு மெல்லிய நெருப்பில் வைக்கலாம். வெளியில் மேசையில் இளக விடக் கூடாது. நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்கி, பிறகு ஆற்றிக் கொடுங்கள். மைக்ரோவேவ் என்றால் கட்டாயம் கிளற வேண்டும், நடு குளிர்ந்திருக்க ஓரம் வாய் வெந்துபோகும் சூட்டில் இருக்கும். உருகியது நீர்த்திருந்தால் சோற்றைக் கூட்டிக் கெட்டியாக்குங்கள். கரண்டியைச் சரித்தால் ஒழுகி ஓடாத பதம்தான் கிளினிக்கில் மிட்வைப் மிஸ்மார் சொல்லும் பதம், ஒழுகும் கூழ் வயிற்றை நிரப்புமே தவிர நிறையைக் கூட்டாது. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ பட்டரோ அப்போது சேர்க்கலாம். பிள்ளையின் எச்சில் கரண்டி பட்ட கிண்ணத்தில் மிஞ்சியது யாருக்கும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கரண்ட் போவது இன்னொரு கணக்கு. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க மின்சாரம் நின்றபோது, மின் உபநிலையத்துக்குள் புகுந்த குரங்கின் மேல் பழி விழுந்தது, பிறீசருக்குள் இருந்ததை யாரும் விசாரிக்கவில்லை. தனிப் பிறீசர் நிறைந்திருந்து கதவு திறக்காமல் இருந்தால் 48 மணித்தியாலம் வரை தாங்கும், பாதி நிறைந்தது 24. பிரிட்ஜோடு சேர்ந்த சின்னப் பெட்டியில் இதை எதிர்பார்க்க வேண்டாம். வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து நிரப்பிவிட்டால் கொஞ்சம் கூடத் தாங்கும். கரண்ட் வந்ததும் ஒரு கட்டியை அமத்திப் பாருங்கள். நடுவில் இன்னும் ஐஸ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். முழுக்க இளகி எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாத மீன் கட்டியை எறிந்துவிடுங்கள். தப்பியதா இல்லையா என்று பிறகும் தெரிய, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய்க் குற்றியை விடலாம். குற்றி அடிக்குப் போயிருந்தால் நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது.

இரண்டு தட்டு சேர்ந்த பொதி மலிவு என்று கடைக்காரர் சொல்வார். ஒன்றே போதும். எட்டு மாதத்தில் அரைப்பதை விட்டு முள்ளுக்கரண்டியால் மசிக்கத் தொடங்க வேண்டும், ஒன்பதில் பிள்ளை விரலால் எடுத்துத் தின்னப் பழகும். அதற்குப் பிறகும் வழுவழுப்பான கட்டியையே கொடுத்துக்கொண்டிருந்தால் மெல்லப் பழகாது, சின்னத் துண்டு வந்தாலே ஓங்காளிக்கும். தட்டின் வேலை ஏறக்குறைய மூன்று மாதம். பிறகு தேசிக்காய்ச் சாறு உறைய வைக்கலாம், மீன் வாசம் ஏறாத தட்டாக இருந்தால்.