கிரேன் மேல் ஏறிப் பார்த்த ஆய்வாளர்: எங்கள் ஃபவுண்டரிக்கு எடுத்த காம்பிடென்ட் பர்சன் சேவை

கோவை அரசூர் பக்கம் ஒரு நடுத்தர ஃபவுண்டரியில் (இரும்பை உருக்கி வார்க்கிற ஆலை) மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. 5 டன் ஈஓடி கிரேன் (கூரையடியில் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரக் கிரேன்), வார்ப்பு அச்சு செய்கிற மோல்டிங் பகுதியில் கை நீட்டிய ஜிப் கிரேன்கள், ஆங்காங்கே சங்கிலியை இழுத்துத் தூக்கும் செயின் பிளாக், மாடிக்கு ஒரு கூட்ஸ் லிஃப்ட், ரேக் நிறைய ஸ்லிங் (சரக்கைக் கட்டித் தூக்கும் பெல்ட், சங்கிலி), ஷேக்கிள் (இணைப்பு வளையம்). இவற்றுக்குச் சட்டப்படி செய்யவேண்டிய ஆய்வுக்கு நாங்கள் இப்போது கூப்பிடுகிற காம்பிடென்ட் பர்சனை, அதாவது இந்த ஆய்வுக்கு அரசு அங்கீகாரம் பெற்றவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். தனி ஆளாகத் தொழில் செய்பவர். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் எப்படி வேலை செய்தார் என்று சொன்னாலே போதும், உங்கள் ஊரில் இதே வேலைக்கு வருகிறவரை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

முதலில் சட்டம், சுருக்கமாக. எங்கள் ஆய்வுகள் நடந்தது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ். அதில் 28ஆம் பிரிவு லிஃப்டுக்கு. 6 மாதத்துக்கு ஒருமுறையாவது முழு ஆய்வு வேண்டியிருந்தது. 29ஆம் பிரிவு கிரேன், செயின் பிளாக், சங்கிலி, ரோப், ஹூக், ஷேக்கிள் எல்லாவற்றுக்கும். 12 மாதத்துக்கு ஒருமுறையாவது. ஆய்வு செய்கிறவர் தலைமை ஆய்வாளரின் அங்கீகாரம் பெற்ற காம்பிடென்ட் பர்சனாக இருக்கவேண்டியிருந்தது. நம் மாநிலத்தில் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் வழியாக நடந்தது. அங்கீகாரம் பிரிவுவாரியாகத்தான் கிடைத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிரேன் பார்க்க அங்கீகாரம் உள்ளவர் ஏர் ரிசீவருக்கும் (அழுத்தக் காற்றுத் தொட்டி) கையெழுத்துப் போடலாம் என்று இருக்கவில்லை, அதற்கு 31ஆம் பிரிவில் தனியாக வாங்கியிருக்கவேண்டும். இவர் போனிலேயே, "ஏர் ரிசீவருக்கு நான் போடமுடியாதுங்க, வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். கேட்காமலே தன் அங்கீகாரச் சான்றின் நகலையும் அனுப்பினார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்தது.

ஏனென்றால் அதற்கு முன்னால் எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஏஜென்சி அப்படி இல்லை. அவர்கள் ஆள் ஆபீஸில் உட்கார்ந்து, போன வருஷத்துப் பட்டியலை வாங்கி, தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு போவார். ஷெட்டுக்குள் வந்தால் கீழே நின்று கிரேனைப் பார்த்து இரண்டு போட்டோ எடுப்பார், அவ்வளவுதான். கடைசியாக அவர்கள் கொடுத்த சான்றிதழ்களில் ஒன்று, நாங்கள் எப்போதோ ஸ்கிராப்புக்குப் போட்டுவிட்ட செயின் பிளாக்குக்கு. 'நிலை: திருப்திகரம்' என்று சீலும் கையெழுத்தும். அந்தத் தாளை எம்.டி. மேஜையில் வைத்தேன். எங்கள் கிரேன் தூக்குவது 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கிற இரும்பு நிறைந்த லேடில் என்கிற வாளி. அதன் கீழ் ஆட்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்தில் நின்றுதானே மோல்டில் ஊற்றவேண்டும்! ரோப் அறுந்தால் சான்றிதழ் யாரைக் காப்பாற்றும்? ஆளை மாற்றலாம் என்று அன்றைக்கே முடிவானது.

புதியவர் வருவதற்கு முன்பே ஒரு பட்டியல் அனுப்பினார். கிரேனை அரை ஷிஃப்டுக்கு உற்பத்தியிலிருந்து விடுவிக்கவேண்டும், மேலே ஏறச் சரியான ஏணி வேண்டும், எலக்ட்ரீஷியன் ஒருவர் கூடவே இருக்கவேண்டும், ஸ்லிங் ஷேக்கிள் எல்லாவற்றையும் துடைத்து ஒரே இடத்தில் பரப்பி வைக்கவேண்டும். உற்பத்திப் பிரிவில் முணுமுணுப்பு இருந்தது. எம்.டி. பேசி வாங்கிக்கொடுத்தார்.

வந்ததும் ஹூக்கிலிருந்து ஆரம்பித்தார். ஹூக்கின் வாய் விரிந்திருக்கிறதா என்று வெர்னியரில் அளந்தார், எத்தனை மி.மீ. என்று சாக்பீஸால் தூணில் எழுதினார். ஹூக்கைக் கையால் சுழற்றிப் பார்த்து, பேரிங் கடகடக்கிறதா என்று காதைக் கொடுத்தார். ஹூக்கின் வாயை மூடும் லேட்ச்சின் ஸ்பிரிங் போய், யாரோ பைண்டிங் வயரால் கட்டியிருந்தார்கள். கழற்றச் சொன்னார்.

அடுத்து ரோப். ஹூக் பிளாக்கைத் தரையில் உட்காரவைத்து ரோப்பைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். அவர் நேராகப் போனது, ரோப்பின் இரு பக்கத்திலும் சுமையைச் சமன்செய்யும் ஈக்வலைசர் புல்லிக்கு. டிரம்மில் சுற்றுகிற ரோப்பை எல்லோரும் பார்ப்பார்கள், கிரீஸ் போடுவார்கள். ஈக்வலைசர் மேல் கிடக்கிற துண்டு அநேகமாக அசையாது. அதனால் யார் கண்ணிலும் படாது. கிரீஸ் காய்ந்து, ஃபவுண்டரியின் மணல் தூசி அப்பி, அடியில் துரு பிடித்துக்கிடக்கும். தளர்ந்த ரோப்பைப் புல்லியிலிருந்து தூக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, கையுறையோடு பழைய காட்டன் துணியை வைத்து இழுத்தார். துணி மாட்டிய இடத்தில் டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு புரிகளுக்கு நடுவே பள்ளத்தில் கம்பிகள் அறுந்து நின்றன. மேலே மேட்டில் தேய்ந்து அறுகிற கம்பியைவிட இதுதான் மோசம், ரோப் உள்ளுக்குள்ளேயே கெட்டுவருகிறது என்பதற்கு அடையாளம் என்றார். விட்டத்தையும் அளந்தார். வெர்னியரின் தாடை இரண்டு புரிகளின் மேட்டில் உட்காரவேண்டும், பள்ளத்தில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும் என்று எங்கள் ஃபிட்டர் பையன் கையிலேயே வெர்னியரைக் கொடுத்து அளக்கவைத்தார். நடுவில் நார் வைத்த ஃபைபர் கோர் ரோப்பில் விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே கழற்றவேண்டும். எங்களுடையது அந்த அளவுக்குத் தேயவில்லை. ஆனால் பள்ளத்தில் அறுந்த கம்பிகளுக்காகவே ரோப்பை மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றும்வரை கிரேனை ஓட்டக்கூடாது என்றும் எழுதிக்கொடுத்தார். புது ரோப் அன்று மாலையே காந்திபுரத்திலிருந்து வந்துவிட்டது, அதனால் உற்பத்தியும் அதிகம் அடிபடவில்லை.

ரோப் மாற்றிய பிறகு, ஹூக் அளவுக்கு மேல் ஏறாமல் நிறுத்தும் லிமிட் சுவிட்சைப் பார்க்கும்போது எங்கள் ஆபரேட்டருக்குக் கொஞ்சம் கோபம். "ஏனுங்க சார், போன மாசம்தான பாத்தமுங்க" என்றார். "பாத்திருப்பீங்க, இல்லைன்னு சொல்லலீங்க. எனக்கு ஒருக்கா காட்டிருங்க" என்று அவரையே ஓட்டச் சொன்னார். காலி ஹூக்கை மெதுவாக, விட்டு விட்டு மேலே ஏற்றியதில் லிமிட் கட் ஆனது. ஆனால் ஹூக் பிளாக்குக்கும் டிரம்முக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் மிச்சம். முழு வேகத்தில் ஏறினால் அந்த இடைவெளி போதாது. பிளாக் டிரம்மில் போய் இடித்து ரோப்பை அறுத்துக்கொண்டு விழும். அங்கேயே எலக்ட்ரீஷியனை வைத்து செட்டிங்கைக் கீழே இறக்கவைத்து, மறுபடி பார்த்தார். முடிந்ததும் ஆபரேட்டருக்கு நன்றி சொன்னார். இப்போது அந்த ஆபரேட்டர் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் லிமிட்டைத் தானே பார்த்து நோட்டில் குறிக்கிறார்.

அந்த வருஷம் கிரேனின் தூக்கும் பகுதியான ஹாயிஸ்டின் கியர்பாக்ஸ் மாற்றியிருந்ததால் லோட் டெஸ்ட்டும் (எடையைத் தூக்கவைத்துப் பார்ப்பது) தேவைப்பட்டது. 5 டன் கிரேனுக்கு ஸ்டேட்டிக் டெஸ்ட் 125 சதவீதம், அதாவது 6.25 டன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தூக்கி 10 நிமிடம் அப்படியே நிறுத்தவேண்டும். அப்புறம் 110 சதவீதம், 5.5 டன் வைத்து எல்லா அசைவும் ஓட்டிப் பார்க்கவேண்டும். நாங்கள் காஸ்டிங்குகளை அடுக்கி, சுமார் ஆறேகால் வரும் என்றோம். "சுமார்னு சர்டிஃபிகேட்ல எழுதமுடியாதுங்களே" என்று எடைமேடைச் சீட்டு கேட்டார். லாரியில் ஏற்றி எடைபோட்டுக் கொண்டுவந்தோம். காத்திருந்தார்.

ஸ்லிங் ரேக்கில்தான் அதிகம் கழிந்தது. பெல்ட் ஸ்லிங்கில் பச்சை என்றால் 2 டன், மஞ்சள் 3 டன் என்று நிறம் தெரியும். ஆனால் லேபிள் கிழிந்திருந்தால் அதை அவர் ஏற்கவில்லை. பாதுகாப்பான சுமை அளவும் அடையாள எண்ணும் தெளிவாகத் தெரியவேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஓரம் வெட்டுப்பட்டவற்றை ஒதுக்கியதோடு விடவில்லை, எங்கள் கையாலேயே நடுவில் அறுக்கச் சொன்னார். ஒதுக்கி வைத்தால் இரவு ஷிஃப்டில் யாராவது எடுத்துவிடுவார்கள். பிறகு ஸ்லிங் கட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, தரையில் சாக்பீஸால் கோணம் வரைந்து காட்டினார். 1 டன் சரக்கை இரண்டு கால் சங்கிலியில் தூக்கினால், கால்களுக்கு நடுவே 60 டிகிரி இருக்கையில் ஒவ்வொரு காலிலும் ஏறுவது 0.58 டன். 120 டிகிரிக்கு விரித்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 1 டன். "சங்கிலி நீளம் பத்தலைன்னு விரிச்சு மாட்டாதீங்க" என்றார். பல வருஷமாக ஸ்லிங் கட்டுகிற அண்ணன் ஒருவர், இதுவரை யாரும் இப்படி வரைந்து காட்டவில்லை என்றார். இந்தக் கால் மணி நேரம் பில்லில் இல்லாதது.

கூட்ஸ் லிஃப்டுக்கு அவர் சான்றிதழ் கொடுக்கவில்லை. கேட் திறந்திருக்கும்போது பட்டனை அழுத்தினார், லிஃப்ட் நகர்ந்தது. மேல்தளத்தில், கேட் திறந்திருந்தால் லிஃப்டை நகரவிடாத இன்டர்லாக் சுவிட்சுக்குக் குறுக்கே யாரோ ஒயர் போட்டு விட்டிருந்தார்கள், அடிக்கடி டிரிப் ஆகிறதென்று. கேட் மூடாமல் கூண்டு நகரக்கூடாது, கூண்டு அந்தத் தளத்தில் இல்லாமல் கேட் திறக்கக்கூடாது. இரண்டும் 28ஆம் பிரிவில் எழுதியிருந்தது. ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் திறந்த கேட்டைப் பார்த்து லிஃப்ட் நிற்கிறது என்று காலை வைத்தால், உள்ளே வெறும் பள்ளம். சுவிட்சை மாற்றி, ஒயரை எடுத்து, போட்டோ அனுப்பிய பிறகும் அவர் நேரில் வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். பழைய ஏஜென்சி இதே லிஃப்டுக்கு எத்தனை முறை சான்றிதழ் கொடுத்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

குறைகளும் உண்டு. பழைய ஏஜென்சியைவிடக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. மறு ஆய்வுக்கு வந்தால் போக்குவரத்துச் செலவு நம்முடையது. டெஸ்ட் எடையை அவர் கொண்டுவரமாட்டார், நாம்தான் ஏற்பாடு செய்யவேண்டும். தேதி சீக்கிரம் கிடைப்பதில்லை. சான்றிதழ் காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்பே பேசி வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது. குறைபாட்டுப் பட்டியலையாவது தமிழில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். எங்களிடம் ஆபரேட்டர், ஃபிட்டர் எல்லோரும் தமிழில் படிப்பவர்கள். கிரேனைத் தினமும் தொடுகிறவர்கள் அவர்கள்தான். இப்போதைக்கு நானே எழுதி கிரேன் தூணில் ஒட்டுகிறேன்.

ஆடிட்டுக்குக் காட்ட ஒரு தாள் போதும் என்று நினைப்பவர்களுக்கு இவர் சரிப்படமாட்டார். நாள் பூராவும் கூட நிற்க ஆள் விடமுடியாது என்றாலும் கஷ்டம். எங்களுக்குக் கூட்ஸ் லிஃப்டின் அடுத்த 6 மாத ஆய்வு வருகிறது; அதற்கும் இவரையே எழுதியிருக்கிறேன். ஏர் ரிசீவருக்கு அங்கீகாரம் உள்ள, இதே மாதிரி தொட்டுப் பார்க்கிற ஒருவர் கோவை, திருப்பூர் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.