லேசர் வொயிட்டனிங்கா, வீட்டு ட்ரேவா?

பல்லை வெளுக்க வைப்பது லேசர் அல்ல, ஜெல்லில் இருக்கும் பெராக்சைடு. இதைப் பிடித்துக்கொண்டால் கிளினிக் லேசரையும், ஜெல் ஊற்றி வீட்டில் பல்லில் மாட்டிக்கொள்ளும் ட்ரேயையும் ஒப்பிடுவது எளிது. கிளினிக்கில் தடவும் ஜெல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு பொதுவாக 35 முதல் 40 சதவீதம் இருக்கும். அது பல்லின் வெளி அடுக்கான எனாமலைக் கடந்து, உள் அடுக்கான டென்டின் வரை இறங்கி, அங்கே நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. லேசரின் வேலை அந்த ஜெல்லைச் சூடாக்கி வேகத்தைக் கூட்டுவதுதான்.

பல இடங்களில் ‘லேசர்’ என்ற பெயரில் வாய்க்கு நேரே நிறுத்துவது நீல எல்.இ.டி. விளக்கு. உண்மையான டயோடு லேசர் என்றால் 810, 940, 980 நானோமீட்டர் என்று ஓர் அலைநீளத்தைச் சொல்வார்கள். அதற்கேற்ற பாதுகாப்புக் கண்ணாடி உங்களுக்கும் மருத்துவருக்கும் இருக்கும். பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். ஏனென்றால் அதே வீரியமுள்ள ஜெல்லை வெளிச்சமே இல்லாமல் வைத்தாலும், சில வாரம் கழித்துப் பார்த்தால் நிறத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்பதே ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. சூட்டுக்கும் எல்லை உண்டு. பல்லின் உள்ளே வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினாலே சில பற்களில் நரம்பு செத்துப்போகலாம் என்று 1965-இல் குரங்குகளிடம் செய்த சோதனை காட்டியது. இன்றும் அதுவே அளவுகோல்.

கிளினிக்கில் ஒழுங்காகச் செய்தால் வரிசை இப்படி இருக்கும். முதலில் பல் ஈரமாக இருக்கும்போதே ஷேடு கைடு (பல் நிறங்களின் மாதிரி வரிசை) வைத்து நிறத்தைக் குறித்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு கன்னத்தை விலக்கும் ரிட்ராக்டர். அடுத்து ஈறுக்கு மேல் அதைக் காக்கும் பிசின் போன்ற ரெசின் தடவி, ஒளி காட்டி இறுக வைப்பார்கள். இந்தச் சிகிச்சையின் தரம் தெரிவது இங்கேதான். ரெசின் பல்லின் விளிம்பை அரை மில்லிமீட்டராவது மூட வேண்டும். இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் ஈறு முனையில் சின்ன இடைவெளி விட்டாலும் ஜெல் உள்ளே கசிந்து, ஈறு வெள்ளையாக வெந்துபோகும். சுரீரென்று எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையைத் தூக்குங்கள். கழுவி வைட்டமின் ஈ எண்ணெய் தடவுவார்கள். லேசான புண் என்றால் ஓரிரு நாளில் ஆறும். அதன்பின் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஜெல், பத்துப் பதினைந்து நிமிடம், உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடியும் புது ஜெல். இரண்டு மூன்று சுற்று. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எழுந்ததும் கண்ணாடியில் தெரியும் வெள்ளையை அப்படியே நம்ப வேண்டாம். அவ்வளவு நேரம் வாய் திறந்திருந்ததால் பல் காய்ந்திருக்கும். காய்ந்த பல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். ஈரம் திரும்பியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். இறுதி நிறத்தை 2 வாரம் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் வருகிறவர்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்: முதல் 24 மணி நேரத்தில்தான் மின்னல் வெட்டுவது போன்ற கூச்சமும் அதிகம்.

வீட்டு ட்ரே முறையை 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பல் அச்சு எடுத்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் உங்கள் வாய்க்கென்றே ட்ரே செய்வார்கள். அதில் ஊற்றுவது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. ஹைட்ரஜன் பெராக்சைடாகக் கணக்கிட்டால் அது 3.5 சதவீதம்தான். ஆனால் நின்று வேலை செய்யும்: 2 மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் வீரியம் மிச்சமிருக்கும். இரவு போட்டுத் தூங்கினால் சாதாரண மஞ்சளுக்கு 2 வாரம் போதும். பல்லுக்கு ஓர் அரிசி அளவு ஜெல், ட்ரேயின் முன்பக்கச் சுவரில் மட்டும். கூடப் போனால் வழிந்து ஈறை அரிக்கும். ட்ரே தளர்வாக இருந்தால் எச்சில் உள்ளே புகுந்து பெராக்சைடைக் கெடுத்துவிடும். கடையில் வாங்கி வெந்நீரில் மென்மையாக்கிக் கடிக்கும் ட்ரேக்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. கூச்சம் வந்தால் ஓர் இரவு விட்டுவிட்டு, 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை அதே ட்ரேயில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கும். ட்ரேயைப் பத்திரமாக வைத்தால், ஓராண்டு இரண்டாண்டு கழித்து நிறம் மங்கும்போது ஜெல் மட்டும் வாங்கினால் போதும்.

ஆகவே எங்கள் பரிந்துரை ட்ரேதான். வாயில் எதை வைத்தாலும் குமட்டுகிறவர்கள், தேதி நெருங்கி மூன்று வாரமே இருப்பவர்கள் கிளினிக் முறைக்குப் போகலாம். அங்கும் ‘லைட் இல்லாமல் செய்யுங்கள்’ என்று கேட்பதில் தவறில்லை. கரித்தூள் பேஸ்ட்டை இந்தப் போட்டியிலேயே சேர்க்க முடியாது. மேல்கறையைத் தேய்க்கும், கூடவே எனாமலையும் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் நன்றாகத் தெரியும்.

எந்த முறைக்கும் முன்னால் கறை எந்த வகை என்று பார்க்க வேண்டும். டீ, காபி, வெற்றிலைப் பாக்குக் கறை ஸ்கேலிங், பாலிஷிங்கிலேயே பெரும்பகுதி போய்விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அதிகம் பார்க்கும் ஃபுளோரைடு கறையில் வெறும் ப்ளீச்சிங் செய்தால் வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் பளிச்சென்று தெரியும்; அங்கே மைக்ரோஅப்ரேஷனோ (எனாமலின் மேற்பரப்பை மெல்லத் தேய்ப்பது) ரெசின் இன்ஃபில்ட்ரேஷனோ (திட்டுக்குள் ரெசினை ஊற வைப்பது) கூட வேண்டியிருக்கும். சிறு வயதில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மாத்திரையால் வந்த சாம்பல் பட்டைக்கு ஒரு லேசர் சிட்டிங் எதையும் செய்யாது. ட்ரேயை மாதக்கணக்கில் போட வேண்டும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் முதலில் எக்ஸ்ரே, நரம்பு செத்திருக்கலாம்.

சொத்தை, விரிசல் இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தள்ளிப்போடுவதே நல்லது. முன்பல்லில் கேப்போ, அடைத்த சிமென்ட்டோ இருந்தால் அது வெளுக்காது, பக்கத்துப் பல் மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும். அதை மாற்றுவதாக இருந்தாலும் வெளுத்து முடித்து 2 வாரம் பொறுக்க வேண்டும். பெராக்சைடிலிருந்து வந்து பல்லில் தங்கிய ஆக்ஸிஜன் போகும் முன் ஒட்டிய சிமென்ட் சரியாக இறுகாமல் சீக்கிரமே கழன்று வந்துவிடும்.