1960களின் திகில்: சைக்கோவும் நைட் ஆஃப் தி லிவிங் டெட்டும்

1960களின் முதன்மையான திகில் படம் எது என்று கேட்டால், ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) முதலில் சொல்பவர்கள் பலர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஜேனட் லீ ஏற்ற நாயகிப் பாத்திரத்தைப் பாதிக் கதைக்குள்ளேயே குளியலறையில் கொன்றுவிட்டு, பார்வையாளரைப் பற்றுக்கோடின்றி நிறுத்திய துணிச்சல் அன்று மிக அரிது. தந்திக் கருவிகளை மட்டுமே கொண்டு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசை இன்றும் உடலைச் சிலிர்க்கச் செய்கிறது.

ஆயினும், ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் நகரை அடுத்த பகுதிகளில் ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் எடுத்து 1968இல் வெளியிட்ட ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படமே என் தேர்வு. ஹிட்ச்காக் படத்தின் முடிவில் மனநல மருத்துவர் ஒருவர் கொலைகாரனின் உள்ளத்தை நீளமாக விளக்குவதால், அதுவரை சேர்ந்த அச்சம் தணிந்துவிடுகிறது. ரொமேரோ அத்தகைய ஆறுதல் எதையும் தருவதில்லை. எழுந்து நடமாடும் பிணங்களோடு இரவெல்லாம் போராடி உயிர்பிழைக்கும் கறுப்பின நாயகனை (நடித்தவர் டுவேன் ஜோன்ஸ்), விடிந்ததும் பிணங்களை வேட்டையாடி வரும் ஆயுதக் குழுவினர் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டுக் கொல்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில் அமெரிக்க மக்கள் இக்காட்சியைத் திரையரங்கில் கண்டார்கள். வெளியீட்டுக்கு முன் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் படம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாகிவிட்டது. படைத்தவர்களுக்கு அது பேரிழப்பு.