அம்புத் தண்டு எண்டு சொல்லி 38,500 ரூபாவை அமுக்கிட்டான்

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. ரெண்டு டசின் மூங்கில் தண்டுக்கு 38,500 ரூபா.

நான் வெள்ளவத்தை. லீவு நாள்ல கையால அம்பு செய்யிற விசர் ஒண்டு எனக்கு. பிரம்பு எண்டா பிரச்சினை இல்ல, வேவல்தெனியப் பக்கம் போனா ரோட்டோரம் முழுக்க பிரம்புக் கடைதான், ஆனா பிரம்பு உள்ளுக்குக் கெட்டி, பாரம், துவளும், அம்புக்கு உள்ளுக்கு ஓட்டையான மெல்லிய மூங்கில் வேணும், ஜப்பான்காரர் யதாக்கே எண்டு சொல்லுறது, இல்லாட்டி சீனாவின்ர டொன்கின். சாமான் விக்கிற ஆப் ஒண்டில "காயவச்சு, தணல்ல வாட்டி, நிமித்தினது" எண்டு விளம்பரம் கண்டன், விழுந்திட்டன்.

நம்பினது விளம்பரத்தில இருந்த வீடியோவாலதான். விக்கிறவர் கண்ணாடி மேசையில தண்டை உருட்டிக் காட்டினார், ஒரு துள்ளல் இல்ல. பிறகு போன்ல அரை மணித்தியாலம் கதை. வெட்டி மாசக்கணக்கா நிழல்ல காயோணும், கணு கணுவா சூடுகாட்டி, வெட்டுப் போட்ட கட்டையில கொழுவி நெம்பி, ஆறும்வரைக்கும் பிடிச்சிருக்கோணும், கூடக் கருகினா முறியும் தம்பி எண்டார். எல்லாம் சரியான கதை! தொழில் தெரிஞ்சவன் சுத்தமாட்டான் எண்டு நினைச்சன் பாருங்கோ. ஆப்பில கட்டினா கமிஷன் வெட்டுவாங்கள், நேரா எக்கவுண்டுக்குப் போடுங்கோ எண்டார். மச்சான் பக்கத்தில இருந்து வேணாம் வேணாம் எண்டவன், கேக்காமப் போட்டன்.

பார்சல் வந்து மூண்டாம் நாள் தண்டெல்லாம் வாழைப்பழம் மாதிரி. ஒண்டின்ர கணுவைக் காஸ் அடுப்பில காட்டினன், வெட்டின முனையால தண்ணி சீறிக்கொண்டு வருது. பச்சை மூங்கில்! அடுத்தது டப் எண்டு வெடிக்க அம்மா சாமியறையால ஓடி வந்தா. அப்ப தணல்ல வாட்டின மாதிரி இருந்த அந்தத் தேன் நிறம்? தின்னர் போட்ட துணியால துடைச்சுப் பார்த்தன், துணி பிரவுணாப் போச்சு. சாயம் பூசியிருக்கிறான்.

கோல் எடுத்தா முதல்ல "கொழும்புக் காத்தில ஈரம் தம்பி, வெயில்ல வையுங்கோ". (ஈரம் உண்மைதான், அதுக்குத்தானே வார்னிஷ் அடிக்கிறது, அதுக்காக மூண்டு நாள்ல இப்பிடியா.) பிறகு கூரியர்காரன் வளைச்சிட்டானாம். பிறகு செத்தவீட்டில நிக்கிறாராம். இப்ப மெசேஜைப் பார்க்கிறான், பதில் இல்ல. அண்ணை அண்ணை எண்டு கூப்பிட்ட என்ர வாயைச் சொல்லோணும். ஆப்காரரிட்ட போனா, காசு எங்கட பக்கத்தால வரேல்ல, நாங்கள் பொறுப்பில்ல எண்டு அதே மெசேஜை மூண்டு தரம் அனுப்பினவை.

எப்பிடிப் பார்த்து வாங்கிறது எண்டு விவரமா எழுதத்தான் இருந்தன், இப்ப மனம் வருதில்ல. வந்த உடன தராசில நிறுங்கோ, பத்து நாள் கழிச்சு திரும்ப நிறுங்கோ, நல்லாக் குறைஞ்சா பச்சை. தின்னர் துணி மறக்காதேங்கோ. ஆப்புக்கு வெளியால ஒரு சதமும் போடாதேங்கோ, 38,500 ரூபா போட்டவன் சொல்லுறன்.

நேற்று இரவு பார்த்தா விளம்பரம் திரும்பப் போட்டிருக்கு. அதே கண்ணாடி மேசை, அதே வீடியோ, விலை மட்டும் 2,000 கூட.